ஆறரை வருஷ வளர்ச்சிக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க!



"நல்ல கம்பெனியா பார்த்து வாங்கிப் போடு, மீதியை காலம் பார்த்துக்கும்." பங்குச்சந்தையைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதுல பாதி விஷயம்தான் இருக்கு. அந்த நல்ல கம்பெனியை நீங்க என்ன விலைக்கு வாங்குறீங்க என்பது மீதிப் பாதி. மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா மிச்சம் பிடிக்கிற நம்மை மாதிரி ஆட்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியிலதான்.

இதைத் தத்துவமா சொன்னா மனசுல நிக்காது. உண்மையான ஒரு சின்ன கம்பெனியை எடுத்து, எண்களோட பார்ப்போம். கம்பெனி பேரு மமதா மெஷினரி. குஜராத்தில் அகமதாபாத் பக்கம் இருக்கும் பேக்கிங் மெஷின் தயாரிப்பாளர். 2024 டிசம்பர்ல ஐபிஓ வந்து, முதல் நாளே கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விலைக்கு வர்த்தகம் ஆச்சே, அதேதான். "மிஸ் பண்ணிட்டோமே" என்று அன்னைக்கு நிறைய பேர் வருத்தப்பட்டாங்க. அந்த வருத்தம் எந்த அளவுக்கு நியாயமானது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, இவங்க என்ன செய்யுறாங்க?

உங்க சமையலறையில ஒரு மசாலா பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. கீழே தட்டையா இருக்கும், தானா நிக்கும். மேலே ஒரு ஜிப் இருக்கும், திறந்து மூடலாம். அந்தப் பவுச்சை யாரும் கையால ஒட்டுறது இல்லை. ஒரு பக்கம் பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் உள்ளே போகும். மெஷின் அதை மடிச்சு, சூடு வச்சு ஒட்டி, ஜிப் வச்சு, வெட்டி, மறுபக்கம் பவுச்சா தள்ளும். இன்னொரு வகை மெஷின் பவுச்சைச் செய்து, அதுக்குள்ளே பொருளையும் நிரப்பி, சீல் வச்சே வெளியே அனுப்பும்.

இந்த மாதிரி பை, பவுச் செய்யும் மெஷின், பேக்கிங் மெஷின், ஃபிலிம் தயாரிக்கும் எக்ஸ்ட்ரூஷன் மெஷின், இதெல்லாம்தான் மமதாவின் தொழில். சிப்ஸ் விற்கும் பாலாஜி வேஃபர்ஸ் மாதிரி கம்பெனிகள் இவங்க வாடிக்கையாளர்கள். 75-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதி இருக்கு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தொழிற்கூடமும் இருக்கு.

கம்பெனி பதிவானது 1979-இல். ஐபிஓ வந்தது 2024-இல். இடையில 45 வருஷம். இந்த 45-ஐ மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வளர்ச்சி நிஜமானதா? ஆமா.

ஐபிஓ நேரத்தில் கொடுத்த கணக்குகளைப் பார்ப்போம். 2021-22-இல் விற்பனை வருமானம் சுமார் 192 கோடி ரூபாய். 2022-23-இல் சுமார் 201 கோடி. 2023-24-இல் சுமார் 237 கோடி. அதே மூணு வருஷத்தில் நிகர லாபம் 21.7 கோடி, 22.5 கோடி, 36.1 கோடி.

கடைசி வருஷத்தை மட்டும் கவனிங்க. விற்பனை சுமார் 18% கூடியிருக்கு. லாபமோ 60% கூடியிருக்கு. இது எப்படி?

மெஷின் செய்யும் தொழிலுக்கு நிலையான செலவு அதிகம். ஷெட், டிசைன் பண்ணும் இன்ஜினியர்கள், அனுபவமுள்ள ஃபிட்டர்கள், வெளிநாட்டு சர்வீஸ் டீம், கண்காட்சிகள். வருஷத்துக்கு 100 மெஷின் செய்தாலும் 120 மெஷின் செய்தாலும் இந்தச் செலவு பெரிசா மாறாது. அதனால கூடுதலா விற்கும் 20 மெஷின்ல வரும் பணத்தில் பெரும்பங்கு நேரா லாபத்துக்குப் போகும். உங்க சம்பளத்தையே எடுத்துக்கோங்க. வாடகை, மளிகை, பெட்ரோல் எல்லாம் போக 40,000-இல் 5,000 மிச்சம் ஆகுதுன்னா, சம்பளம் 45,000 ஆனதும் மிச்சம் 10,000 ஆயிடும். சம்பளம் கூடினது 12.5%தான், சேமிப்பு இரட்டிப்பு.

ஆனா இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். விற்பனை 18% குறைஞ்சா லாபம் 18% மட்டும் குறையாது. அதைவிட வேகமா விழும். இதை யாரும் லிஸ்டிங் அன்னைக்கு ஞாபகப்படுத்த மாட்டாங்க.

எப்படியிருந்தாலும் ஒண்ணு தெளிவு. இது காகிதக் கம்பெனி இல்லை. நிஜமா மெஷின் செய்து, நிஜமா விற்று, நிஜமா லாபம் பார்க்கிற கம்பெனி. என் வாதம் கம்பெனி மேல இல்லை. அதுக்கு நாம கொடுக்கும் விலை மேல.

2024 டிசம்பர் 27 காலை

ஐபிஓ டிசம்பர் 19 முதல் 23 வரை திறந்திருந்தது. விலை வரம்பு 230 முதல் 243 ரூபாய். ஒரு லாட்டுக்கு 61 பங்கு. அதாவது 243 ரூபாய்க்கு ஒரு லாட் 14,823 ரூபாய். மொத்தமா சுமார் 195 மடங்கு விண்ணப்பம் வந்தது. நம்மை மாதிரி சில்லறை முதலீட்டாளர் பிரிவில் மட்டும் சுமார் 138 மடங்கு.

டிசம்பர் 27 காலை 600 ரூபாயில் வர்த்தகம் தொடங்கியது. 243 கொடுத்து வாங்கினது 600. சுமார் 147% லாபம். அன்னைக்கே 5% மேல போய், 630-இல் அப்பர் சர்க்யூட்.

இப்போ ஒரு கேள்வி. 23-ஆம் தேதி சாயங்காலத்துக்கும் 27-ஆம் தேதி காலைக்கும் நடுவில் கம்பெனியில என்ன மாறிச்சு? புது ஷெட் கட்டினாங்களா? புது மெஷின் கண்டுபிடிச்சாங்களா? ஒண்ணுமே மாறலை. அதே ஃபேக்டரி, அதே ஃபிட்டர், அதே ஆர்டர். மாறினது நம்ம ஆசை மட்டும்தான்.

கிடைச்சவங்களுக்கு எவ்வளவு கிடைச்சது?

"மிஸ் பண்ணிட்டோம்" என்ற வருத்தத்தை முதல்ல அளந்து பார்ப்போம். சில்லறைப் பிரிவுக்கு ஒதுக்கினது வெளியீட்டில் 35%. கணக்குப் போட்டா சுமார் 42,000 லாட். இவ்வளவு மடங்கு விண்ணப்பம் வந்தா ஒருத்தருக்கு அதிகபட்சம் ஒரு லாட்தான், அதுவும் குலுக்கல்ல. அதாவது இந்தியா முழுக்க சேர்த்து சுமார் 42,000 பேருக்குத்தான் கிடைச்சிருக்க முடியும்.

சரி, அதிர்ஷ்டம் அடிச்சு உங்களுக்கு ஒரு லாட் கிடைச்சிருந்தா? 14,823 ரூபாய் 36,600 ஆயிருக்கும். லாபம் 21,777. ஒரு வருஷத்துக்குள்ள வித்ததால 20% குறுகிய கால மூலதன ஆதாய வரி. அது போக கையில் நிக்கிறது 17,400 சொச்சம்.

நல்ல பணம்தான், வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா இது பலருக்கு ஒரு மாசச் சம்பளம்கூட இல்லை. குலுக்கல்ல ஜெயிச்சவங்களுக்கே இவ்வளவுதான். ஜெயிக்காதவங்க எதையும் இழக்கலை. பேங்க்ல பிளாக் ஆன பணம் திரும்ப வந்திருக்கும். ஆக, ஐபிஓவுக்கு விண்ணப்பிச்சதில் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை, யாருக்கும் வாழ்க்கையும் மாறலை.

ஆபத்து அடுத்த படியில இருக்கு. கிடைக்காத ஏக்கத்தில், "சரி, மார்க்கெட்லயே வாங்கிடுவோம்" என்று 600-க்கும் 630-க்கும் வாங்கப் போறாங்க பாருங்க, அங்கே.

600 ரூபாய்க்கு நீங்க எதை வாங்குறீங்க?

கொஞ்சம் கணக்கு. பொறுமையா வாங்க, கடினமானது இல்லை.

கம்பெனியில மொத்தம் சுமார் 2.46 கோடி பங்குகள். 243 ரூபாய் விலையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பு சுமார் 598 கோடி. வருஷ லாபம் 36.1 கோடி. 598-ஐ 36.1-ஆல் வகுத்தா சுமார் 16.6. இதைத்தான் பி.இ. விகிதம்னு சொல்றோம். ஒரு ரூபாய் வருஷ லாபத்துக்கு நீங்க 16 ரூபாய் 60 காசு கொடுக்குறீங்க.

600 ரூபாயில் மொத்த மதிப்பு சுமார் 1,476 கோடி. லாபம் அதே 36.1 கோடி. இப்போ பி.இ. சுமார் 41.

அதே கம்பெனி, அதே லாபம், ஆனா 16.6-க்கு கிடைச்சதை 41-க்கு வாங்குறீங்க. சரி, கம்பெனி வளராதா? வளரும். எவ்வளவு வருஷம் வளர்ந்தா 600 ரூபாய் விலை மறுபடி அதே 16.6 பி.இ. ஆகும்? லாபம் இரண்டரை மடங்கு ஆகணும். வருஷம் தவறாம 15% வளர்ந்தா அதுக்குச் சுமார் ஆறரை வருஷம் ஆகும். 20% வளர்ந்தா அஞ்சு வருஷம்.

இதுதான் தலைப்புல சொன்ன விஷயம். 600 ரூபாய்க்கு வாங்கினவர் ஆறரை வருஷ வளர்ச்சிக்கும் சேர்த்து முதல் நாளே பணம் கட்டிட்டார். இனி அந்த ஆறரை வருஷமும் கம்பெனி ஒழுங்கா வளர்ந்தாலும் அது அவருக்குப் பரிசு இல்லை. ஏற்கனவே பணம் கட்டின பொருள் டெலிவரி ஆகுது, அவ்வளவுதான். நடுவில் ஒரு வருஷம் சறுக்கினா, அந்தச் சறுக்கல் முழுக்க அவர் தலையில.

வேடிக்கை என்னன்னா, மெஷின் விற்கும் தொழில்ல பொதுவா வாடிக்கையாளர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாங்க. மெஷின் வாங்குறவர் 20 அல்லது 30 சதவீதம் அட்வான்ஸ் கொடுக்கவே பத்து கேள்வி கேட்பார். எப்போ டெலிவரி, வாரண்டி எவ்வளவு, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா, ஓட்டிக் காட்டுவீங்களா? நாம ஆறரை வருஷ அட்வான்ஸை போன்ல ஒரு ஸ்வைப்ல கட்டுறோம், ஒரு கேள்வியும் கேட்காம.

அப்புறம் என்ன நடந்தது?

கம்பெனி நொடிச்சுப் போகலை. 2024-25-இல் லாபம் இன்னும் கூடி, சுமார் 40 கோடி ஆச்சு. ஆனா பங்கு விலை? லிஸ்டிங் ஆன அடுத்த சில மாசத்துல 400-க்கும் கீழே இறங்கிச்சு.

மறுபடி படிங்க. லாபம் ஏறிச்சு, விலை இறங்கிச்சு. இது முரண்பாடு இல்லை. அட்வான்ஸ் அதிகமா கட்டப்பட்டிருந்தது, சந்தை அதைத் திருத்திக்கிச்சு. கம்பெனி அதோட வேலையை ஒழுங்கா செஞ்சது. விலை போட்டவங்கதான் அவசரப்பட்டாங்க.

இதை உங்க கைப்பணமா மாத்திப் பார்ப்போம். ஒருத்தர் 600 ரூபாய்க்கு 166 பங்கு வாங்கினார்னு வச்சுக்கோங்க. 99,600 ரூபாய். 400-க்கு வந்தப்போ அது 66,400. நஷ்டம் 33,200. மாசம் 5,000 சேமிக்கிறவருக்கு இது ஆறரை மாசத்துக்கு மேல ஆன சேமிப்பு. பழைய நிலைக்கு வரணும்னா 33% ஏறினா போதாது; 50% ஏறணும். ஏன்னா இப்போ ஏறப்போறது சின்ன தொகையில இருந்து.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிக்கிறதே இல்லை. 250 கோடி ரூபாய்க்கு உட்பட்ட ஐபிஓ என்பதால் முதல் 10 வர்த்தக நாளைக்கு இந்தப் பங்கு டிரேட்-டு-டிரேட் பிரிவில், 5% வரம்புக்குள்ளதான் நகர முடியும். அப்பர் சர்க்யூட்ல விற்கிறவங்க இருக்க மாட்டாங்க, வாங்குறவங்க வரிசை மட்டும் நிக்கும். அந்த வரிசையைப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு டிமாண்டா" என்று நமக்கும் ஆசை வரும். விழும்போது இதே கதை தலைகீழாகும். லோயர் சர்க்யூட்ல விற்கிறவங்க வரிசை மட்டும் நிக்கும், வாங்க ஆள் இருக்காது. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் அது நிறைவேறணும்னு இல்லை. ஏறும் வாசல் எவ்வளவு குறுகலோ, இறங்கும் வாசலும் அவ்வளவே குறுகல்.

ஐபிஓ பணம் எங்கே போச்சு?

ஐபிஓ மொத்த தொகை 179.39 கோடி ரூபாய். இதில் கம்பெனிக்கு வந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய்கூட இல்லை. முழுக்க முழுக்க ஆஃபர் ஃபார் சேல். அதாவது பழைய பங்குதாரர்களான புரமோட்டர் தரப்பு தங்கள் பங்கில் ஒரு பகுதியை நமக்கு விற்றாங்க. அந்தப் பணம் அவங்களுக்குப் போச்சு. "நம்ம பணத்துல கம்பெனி புது ஃபேக்டரி கட்டி வளரும்" என்று யாராவது நினைச்சு வாங்கியிருந்தா, அந்த நினைப்புக்கு இங்கே இடமில்லை.

இதுல தப்பு ஏதாவது இருக்கா? என்னைக் கேட்டா, இல்லை. 45 வருஷக் கம்பெனி அது. ஒரு கட்டத்தில் கொஞ்சம் பணமாக்கிக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. ஐபிஓவுக்குப் பிறகும் 60 சதவீதத்துக்கு மேல அவங்க கையிலதான் இருக்கு, விட்டுட்டு ஓடலை. எல்லாமே ஆவணத்தில் தெளிவா எழுதி வச்சுத்தான் விற்றாங்க.

நான் சொல்ல வர்றது வேற. 45 வருஷமா இந்தக் கம்பெனியை உள்ளும் புறமும் தெரிஞ்சவங்க 243 ரூபாய்க்கு விற்கச் சம்மதிச்சாங்க. நாலு நாள் கழிச்சு, கம்பெனியின் ஃபேக்டரி வாசலைக்கூடப் பார்க்காத நாம அதை 600-க்கு வாங்கச் சம்மதிக்கிறோம். இந்த இரண்டு பேர்ல யாருக்கு விலை நல்லா தெரிஞ்சிருக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி அவசரம் அடங்கிடும்.

மெஷின் கம்பெனியின் வளர்ச்சி நேர்கோடு இல்லை

சோப்பு விற்கும் கம்பெனியையும் மெஷின் விற்கும் கம்பெனியையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. சோப்பு தீர்ந்தா அடுத்த மாசம் மறுபடி வாங்குவோம். பவுச் மெஷினை ஒருத்தர் வாங்கினா பல வருஷம் ஓட்டுவார். அடுத்த ஆர்டர் அவர் தொழிலை விரிவுபடுத்தும்போதுதான். அதனால ஒவ்வொரு வருஷமும் புது வாடிக்கையாளர் தேடணும், புது நாடு தேடணும்.

மார்ச் 31-க்குள்ள கிளம்ப வேண்டிய இரண்டு பெரிய மெஷின் ஏப்ரல் 5-இல் கிளம்பினா, அந்தக் காலாண்டு ரிசல்ட் சோர்ந்து தெரியும். அடுத்த காலாண்டு துள்ளும். உள்ளே தொழில் மாறியிருக்காது. ஆனா பங்கு விலை இரண்டு தடவையும் குதிக்கும். காலாண்டுக்குக் காலாண்டு ரத்த அழுத்தம் ஏறி இறங்கணும்னு ஆசை இருந்தா இந்த மாதிரி சின்ன மெஷின் கம்பெனிகளே போதும்.

பணம் முடங்குவதும் உண்டு. ஸ்டீல், மோட்டார், சென்சார் எல்லாம் முன்கூட்டியே வாங்கி, மாசக்கணக்கா பூட்டி, ஓட்டிப் பார்த்து, அனுப்பி, மீதிப் பணம் வர நாளாகும். உங்க வீட்டில அப்பாவோ மாமாவோ அம்பத்தூர், கோயம்புத்தூர் பக்கம் ஒர்க்‌ஷாப் நடத்தியிருந்தா இது நல்லா தெரியும். ஆர்டர் புக் நிறைஞ்சிருக்கும், ஆனா வெள்ளிக்கிழமை சம்பளம் போட கையைப் பிசைவாங்க. வளர்ச்சி வேகமானா இந்த முடக்கமும் கூடும். அதனாலதான் லாபத்தோட சேர்த்துப் பணவரத்தையும் பார்க்கணும்னு சொல்றேன்.

வெளியில இருந்து வரும் காற்றும் இருக்கு. ஏற்றுமதியை நம்பும் கம்பெனிக்கு இறக்குமதி வரி ஒரே இரவில் கணக்கை மாத்தும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பல இந்தியப் பொருட்கள் மேல 50% வரை வரி போட்டப்போ ஏற்றுமதியாளர்கள் எவ்வளவு தவிச்சாங்கன்னு பார்த்தோம். பிளாஸ்டிக் விஷயத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் சில பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் வந்தது. மசாலா பவுச், சிப்ஸ் பாக்கெட் அந்த நாடு தழுவிய தடையில வரலை. ஆனா விதிகள் போகும் திசை நமக்குத் தெரியும். மறுசுழற்சி பண்ணக்கூடிய ஃபிலிமுக்கு ஏத்த மெஷின் கொடுக்கும் கம்பெனிக்கு இது வாய்ப்பு; கொடுக்காததுக்கு ஆபத்து.

16.6 பி.இ.-க்கு வாங்கினவருக்கு இந்த ஆபத்துகளைத் தாங்க கொஞ்சம் இடைவெளி இருக்கு. 41-க்கு வாங்கினவருக்கு இடைவெளியே இல்லை.

"அப்படிப் பார்த்தா எதையுமே வாங்க முடியாதே?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். "நல்ல கம்பெனி எப்பவுமே விலை கூடத்தான் இருக்கும். விலை பார்த்துப் பார்த்தே வாய்ப்பை விட்டவங்க எத்தனை பேர்?"

நியாயமான கேள்வி. அதிக பி.இ.-இல் வாங்கியும் பல மடங்கு சம்பாதிச்ச பங்குகள் இருக்கு, மறுக்கலை. நாளைக்கே மமதா பங்கு 600-ஐத் தாண்டி எங்கேயோ போகலாம். அப்படிப் போனாலும் என் வாதம் மாறாது. ஏன்னா, 41 பி.இ.-இல் ஜெயிக்கணும்னா கம்பெனி வருஷா வருஷம் எதிர்பார்ப்பைத் தாண்டணும். அதைக் கண்டுபிடிக்க அந்தத் துறையை நீங்க ஆழமா தெரிஞ்சு வச்சிருக்கணும். முழுநேர வேலை, ட்ராஃபிக், குடும்பம், இதுக்கு நடுவுல எத்தனை பேரால அது முடியும்?

காத்திருக்கிறதுக்குச் செலவு இல்லை என்பதையும் கவனிங்க. டிசம்பர் 27 காலை அவசரப்படாம ஒரு ஆறு மாசம் காலாண்டு ரிசல்ட்டை மட்டும் படிச்சுட்டு இருந்தவருக்கு, இதே கம்பெனி லிஸ்டிங் விலையைவிட மூணில் ஒரு பங்கு குறைவா கிடைச்சது. லாபமும் கூடின பிறகு. நல்ல கம்பெனி என்றால் அடுத்த வருஷமும் நல்ல கம்பெனியாத்தான் இருக்கும். ரயில் போயிடும்னு பயப்பட வேண்டாம். இது திரும்பத் திரும்ப வரும் டவுன் பஸ்.

அப்போ நாம என்ன செய்யணும்?

அடுத்த தடவை ஏதாவது சின்ன உற்பத்திக் கம்பெனி ஐபிஓ வந்து எல்லாரும் பேசும்போது, வாங்கும் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியை ஒரு தாள்ல எழுதி பதில் தேடுங்க.

ஒண்ணு: ஐபிஓ பணம் கம்பெனிக்குப் போகுதா, பழைய பங்குதாரருக்குப் போகுதா? ஆவணத்துல "வெளியீட்டின் நோக்கம்" பகுதியில் ரெண்டே பக்கத்தில் பதில் இருக்கும்.

ரெண்டு: இன்னைக்கு விலையில பி.இ. எவ்வளவு? ஐபிஓ விலையில எவ்வளவு? அந்த இடைவெளியை நிரப்ப எத்தனை வருஷ வளர்ச்சி தேவை? போன் கால்குலேட்டர் போதும்.

மூணு: லாபம் மூணு வருஷமா கூடியிருக்கா, அதோட செயல்பாட்டுப் பணவரத்தும் கூடியிருக்கா? லாபம் ஏறி, பணவரத்து வராம இருந்தா நிதானிங்க.

நாலு: விற்பனை எத்தனை வாடிக்கையாளர், எத்தனை நாட்டை நம்பி இருக்கு? ஒரு நாட்டின் வரி, ஒரு வாடிக்கையாளரின் முடிவு இதைக் கவுத்துடுமா?

அஞ்சு: இந்தப் பணம் பாதி ஆனா என் வீட்டில என்ன நிக்கும்? இஎம்ஐயா, தங்கச்சி காலேஜ் ஃபீஸா, அம்மாவோட மருந்துச் செலவா? ஏதாவது ஒண்ணு நிக்கும்னா அந்தப் பணம் பங்குச்சந்தைக்கான பணமே இல்லை.

இதுக்கு முன்னாடி அடித்தளம் இருக்கணும். ஆறு மாசச் செலவுக்கு அவசரகால நிதி. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. உங்களை நம்பி யாராவது இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸ். அப்புறம் இண்டெக்ஸ் ஃபண்ட்ல மாசாமாசம் ஒரு எஸ்ஐபி. இதெல்லாம் ஓடிட்டு இருந்தா, மொத்த முதலீட்டில் 5 முதல் 10 சதவீதம் வரை தனிப் பங்குகளில் போட்டுக் கத்துக்கலாம் என்பது என் கருத்து. கத்துக்கிறதுக்கு ஃபீஸ் கட்டலாம். ஆனா அது ஒரு வருஷச் சேமிப்பா இருக்கக் கூடாது.

கடைசியா ஒண்ணு. மமதா மாதிரி கம்பெனிகிட்ட இருந்து பங்கு வாங்காமலே கத்துக்க வேண்டிய பாடம் இருக்கு. 237 கோடி விற்பனைக்கு வர 45 வருஷம். உலகம் முழுக்க நிறுவிய மெஷின்கள் 4,500-க்கும் மேல. ஒவ்வொண்ணா செஞ்சு, ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டி, ரிப்பேர்னா ஆள் அனுப்பி, அப்படித்தான் அந்த வளர்ச்சி வந்திருக்கு. ஒரு காலைல 147% ஆனது விலை மட்டும்தான். நம்ம 5,000 ரூபாய் எஸ்ஐபியும் அந்த மெஷின் மாதிரிதான். முதல் பத்து தவணையில ஒண்ணும் தெரியாது. நிறுத்தாம ஓட்டினாத்தான் தெரியும்.

சரி நண்பர்களே, உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது லிஸ்டிங் நாள் மோகத்துல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. பி.இ. கணக்கை ஒரு உண்மையான ஆவணத்தை வச்சு எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா பார்ப்போம்.

(இது கல்வி நோக்கத்துக்கான கருத்துக் கட்டுரை. மமதா மெஷினரி பங்கை வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை இல்லை. முதலீடு செய்யும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் பேசுங்கள்.)